இரண்டு இளஞ்சிவப்பில் எது நம் அறைக்கு?



அறைச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பற்றி இன்று பேச எண்ணுகிறோம். இதற்கென்று ஒரு வானொலிப் பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். லயத்துச் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று நம் பாட்டன்மாரை எவரும் கேட்டதில்லை. தோட்ட நிர்வாகம் சுண்ணாம்பு கொடுத்தது. வரிசை முழுவதும் ஒரே வெள்ளை அடிக்கப்பட்டது. சுண்ணாம்பின் காரம் கிருமிகளைக் கொல்லும் என்பதால் அந்த வெள்ளையில் ஒரு நன்மை இருந்தது. ஆனால் எங்களுக்கு இந்த நிறம் பிடிக்கும் என்று சொல்ல அங்கே இடமில்லை.

சிங்கப்பூரின் வடபகுதியிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. செம்பவாங், ஈசூன் வட்டாரங்களில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஈசூன் என்ற பெயரே, ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெரும் பொருள் ஈட்டிய லிம் நீ சூன் அவர்களின் பெயரிலிருந்து வந்ததுதான். 1960-இல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1964-இல் கழக வீட்டை மக்கள் சொந்தமாக வாங்கும் திட்டம் தொடங்கியது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகளில் சிலர் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். அந்த அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குச் சாயம் பூசுவது நகர மன்றத்தின் வேலை. உள்சுவரோ குடியிருப்பவரின் விருப்பம். தோட்டக் குடும்பத்துக்கு இது புதிய உரிமை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். பேத்திக்கென்று ஒரு சிறிய அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அவளுக்கு ரோஸ் நிறம் வேண்டுமாம். கடையில் வண்ண அட்டையை விரித்தால் ரோஸ் என்ற பெயரில் முப்பது நாற்பது நிறங்கள் இருக்கின்றன. கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சுகின்றன. ஒன்று பன்னீர் ரோஜா இதழைப் போன்றது. மற்றொன்று பழுத்த கொய்யாவின் உட்சதையைப் போன்றது. பேத்தி ரோஜா என்கிறாள். பாட்டி கொய்யா என்கிறார். அப்பாவுக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. கலந்து கொடுத்த சாயத்தைக் கடைக்காரர் பொதுவாகத் திருப்பி வாங்கமாட்டார். பிடிக்காமல் போனால் பணமும் ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் வீண். மீண்டும் பூச மனமில்லாவிட்டால், பிடிக்காத சுவருக்குள்ளேயே அந்தப் பிள்ளை ஐந்தாறு ஆண்டுகள் படுத்தெழ வேண்டும்.

இந்தக் கேள்விக்குக் கடையில் நின்று விடை காண முடியாது என்பதுதான் நாம் சொல்ல வந்தது. அதற்கான காரணங்களையும், செலவில்லாமல் விடை காணும் வழியையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இரண்டு நிறங்களும் எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையில் சிறிது சிவப்பைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு. சேர்த்த சிவப்பு நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் ரோஜா நிறமாகும். மஞ்சளின் பக்கம் சாய்ந்திருந்தால் கொய்யா நிறமாகும். வெளிறிய நிறத்தில் இந்தச் சாய்வு எளிதில் புலப்படாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வண்ண அட்டையில் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாக நிறம் ஆழமாகிக்கொண்டே போகுமல்லவா? அந்த வரிசையின் அடியிலுள்ள மிக ஆழமான கட்டத்தைப் பாருங்கள். ஒரு வரிசையின் அடியில் பீட்ரூட் நிறமும் மற்றொன்றின் அடியில் செங்கல் நிறமும் இருந்தால், மேலே உள்ள இரண்டு வெளிறிய நிறங்களும் உண்மையில் வேறு வேறு குடும்பம் என்பது விளங்கிவிடும்.

அடுத்தது வெளிச்சம். இதை நம் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுக்கும்போது, கடைக்குள் எரியும் விளக்கை அவர்கள் நம்புவதில்லை. சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே அச்சாகப் பொருந்திய இரண்டும் வெளியே வந்ததும் பொருந்தாமல் போவதுண்டு. இரண்டு துணிகளுக்கும் ஏற்றிய சாயங்கள் வேறு வேறு. ஆகவே ஒளியிலுள்ள நிறங்களை அவை வேறு வேறு அளவில் திருப்பி அனுப்புகின்றன. ஒரு விளக்கின் கீழ் அந்தக் கூட்டு ஒன்றாக அமைகிறது. வேறொரு வெளிச்சத்தில் அமைவதில்லை. சுவர்ச் சாயத்துக்கும் இதே விதிதான். ஆனால் சுவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர முடியாதே! ஆகையால் அந்த அறையின் வெளிச்சத்தைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மேல்நாட்டு நூல்களில், வடக்குச் சன்னல் உள்ள அறை வெயில் படாத குளிர்ந்த அறை, அதற்கு மஞ்சள் சார்ந்த நிறம் பூச வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் நாட்டுக்குப் பொருந்தும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை அளவே வடக்கில் உள்ளது. மார்ச் மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். எப்பக்கமானாலும் உச்சிக்கு அருகிலேயே நிற்பதால் நண்பகல் வெயில் சன்னல் வழியே உள்ளே ஆழமாக இறங்குவதில்லை. எனவே இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியவை கிழக்கும் மேற்கும்தான். மேற்குச் சன்னல் அறையில் மாலை 5 மணிக்கு மேல் பொன்னிற வெயில் சாய்வாகச் சுவரில் விழும். அந்த வெயிலில் கொய்யா நிறம் ஆரஞ்சுப் பக்கம் போய்விடும். ரோஜா நிறமோ தன் நீலச் சாயலை இழந்து இதமாகத் தெரியும். வானம் மூடிய மழைக்காலக் காலையில் நிலைமை தலைகீழாகும். அப்போது ரோஜா நிறம் ஊதாப் பக்கம் போகும். கொய்யா நிறம் சற்று உயிரோடு இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். சிங்கப்பூரில் காலை 7 மணியளவில் விடிந்து மாலை 7 மணியளவில் இருட்டிவிடுகிறது. பெரியவர்கள் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் பகலைக் கழித்துவிடுகிறார்கள். அந்த அறையில் பேத்தி படிப்பதும் கதை பேசுவதும் பெரும்பாலும் இரவு 7 மணிக்கு மேல். அப்படியானால் அவள் தன் சுவரை அதிகம் காணப்போவது மின்விளக்கில்தான். பகலில் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறம் எடுத்தால், ஆள் இல்லாத நேரத்துக்கு அறையை அலங்கரித்தது போலாகும்.

விளக்குப் பெட்டியின் மேல் 2700, 3000, 4000, 6500 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் சிறியதானால் வெளிச்சம் மஞ்சள்; பெரியதானால் நீலம் கலந்த வெள்ளை. 6500 விளக்கில் ரோஜா நிறம் ஊதாவாகத் தெரியக்கூடும். 2700 விளக்கில் கொய்யா நிறம் செம்மஞ்சளாகத் தெரியக்கூடும். ஆகவே எந்தச் சாயம் என்று தீர்மானிக்கும் முன் எந்த விளக்கு என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது. சாயத்தைக் காட்டிலும் விளக்கை மாற்றுவது எளிது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பக்கத்தில் இருக்கும் நிறங்கள். 1824-இல் பாரிஸ் நகரின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் அமர்ந்தார். அங்கே கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்று ஒரு புகார் இருந்தது. நூலை அவர் ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு மங்கித் தெரிந்தது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் நம் கண்ணுக்கு மாறித் தெரிகிறது என்று அவர் 1839-இல் ஒரு நூலே எழுதினார்.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது கெர்பாவ் சாலையில் சற்று நிற்கலாம். அங்கே டான் டெங் நியா என்ற சீன வணிகர் 1900-இல் கட்டிய வீடு இருக்கிறது. அவர் சிராங்கூன் சாலைப் பகுதியில் மிட்டாய் ஆலைகள் வைத்திருந்தவர். 1980-களில் செப்பனிடப்பட்ட அந்த வீட்டின் சுவரும் சன்னலும் கதவும் இன்று பல நிறங்களில் ஒளிர்கின்றன. ஏதேனும் ஒரு நிறத்தைத் தேர்ந்துகொண்டு, பச்சைக்கு அருகில் அது எப்படி இருக்கிறது, மஞ்சளுக்கு அருகில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேறு வேறு சாயமோ என்று ஐயம் வரும். அங்கிருந்து சிறிது நடந்தால் வரும் பூக்கடைகளிலும் இதைக் காணலாம். ரோஜாவைத் தனியே குவித்து வைத்தால் ஒரு நிறம். மரிக்கொழுந்தோடு தொடுத்தால் அதைவிடச் சிவந்த நிறம்.

நம் அறைக்கு இதில் என்ன பாடம்? தரையும் கட்டிலும் அலமாரியும் திரைச்சீலையும் சுவரின் அண்டை வீட்டார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் பட்ட வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியை மேலும் சிவக்கவைக்கும். சன்னலுக்கு வெளியே மரங்கள் அடர்ந்திருந்தால் உள்ளே வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். அது இளஞ்சிவப்பைச் சாம்பல் பூத்தாற்போல் மங்கவைக்கும். தோட்டத்து வீட்டில் மரநிழலில் மங்கலாக, இதமாகத் தெரிந்த அதே சாயம், அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் கண்ணைப் பறிப்பது இதனால்தான். ஊரில் பிடித்திருந்த நிறத்தின் எண்ணை எழுதிக்கொண்டு போய் நகரத்தில் வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பரப்பு. தீப்பெட்டி அளவு அட்டையில் பார்த்த நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது வலுத்துவிடும். ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி இளஞ்சிவப்பாகவே எதிர்ச் சுவரில் போய் விழுகிறது. அங்கிருந்து மீண்டும் இங்கே வருகிறது. மூலைகளில் இது இன்னும் அதிகம். ஆகையால் அட்டையில் மனத்துக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பதே நல்லது.

இனிச் சோதித்துப் பார்க்கும் முறைக்கு வருவோம். இரண்டு நிறத்திலும் சிறிய டின் ஒவ்வொன்று வாங்குங்கள். 60 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளோ கெட்டி அட்டைகளோ எடுத்து, முதலில் வெள்ளை பூசி, காய்ந்தபின் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை இரண்டு முறை பூசுங்கள். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் தெரியும். எனவே ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பழைய சுவரில் நேரே பூசிப் பார்ப்பதைவிட இது மேல். பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றாது. பலகையை எந்தச் சுவருக்கும் நகர்த்தலாம்.

பலகையைத் தரையில் படுக்க வைக்காமல் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். சன்னலுக்கு எதிர்ச் சுவரிலும், சன்னல் உள்ள சுவரிலும், ஒரு மூலையிலும் வைத்துப் பாருங்கள். காலை 7 மணி, நண்பகல், மாலை 5 மணி, இரவு 8 மணி என நான்கு வேளையும் பாருங்கள். இரவு வேளைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

இங்கே ஒரு செய்தி. இரண்டு பலகைகளையும் எப்போதும் அருகருகே வைக்காதீர்கள். அருகருகே வைத்தால் கண் வேற்றுமையையே தேடும். ஒன்று மற்றொன்றைக் குறையுடையதாகக் காட்டும். ஆனால் சாயம் பூசி முடித்தபின் அந்த அறையில் ஒரு நிறம்தானே இருக்கப்போகிறது? ஒப்பிட மற்றொன்று இருக்காது. ஆகவே முதல் இரண்டு நாள் ஒரு பலகையை மட்டும் வையுங்கள். அடுத்த இரண்டு நாள் மற்றதை மட்டும் வையுங்கள்.

பாட்டியும் பேத்தியும் வேறு வேறு சொன்னார்களே, அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் அடைகிறது. நீல ஒளி முன்போல் உள்ளே புகுவதில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு நீலம் பளிச்சென்று தெரிகிறது என்று முதியவர்கள் வியப்பது இதனால்தான். ரோஜா நிறத்திலுள்ள மெல்லிய நீலச் சாயல் பேத்திக்குத் தெரிகிற அளவு பாட்டிக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு பிறவியிலேயே சரியாகப் புலப்படாது. இரண்டும் ஒன்றுதான் என்று அப்பா சொன்னால் அவர் அக்கறையில்லாமல் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. பார்க்கும் கண் வேறு என்று தெரிந்தால் வீட்டில் வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

அழகு ஒருபுறம் இருக்க, நீடித்து உழைக்குமா என்பதும் ஒரு கேள்வி. மஞ்சள் சாய்ந்த இளஞ்சிவப்புகளில் பல, இரும்புத் துரு வகையைச் சேர்ந்த காவி நிறமியால் ஆனவை. காவி வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகைக் கோயிலின் கூரையில் தீட்டிய தாமரைக் குளம் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் தெரிகிறதென்றால், அங்கே பயன்பட்டவை காவி போன்ற கனிம நிறங்கள். பளிச்சென்ற ரோஜா நிறங்களோ பெரும்பாலும் கரிமச் சேர்மங்களால் ஆனவை. அவற்றில் உறுதியானவையும் உண்டு. வெள்ளையில் கலந்து வெளிற வைத்தால் வெயிலில் சீக்கிரம் மங்குபவையும் உண்டு. எனவே மேற்கு வெயில் நேரே விழும் சுவரானால், இது வெயில் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். புதுச் சிமெண்டுப் பூச்சானால் நன்றாக உலரவிட்டு, காரம் தாங்கும் அடிப்பூச்சு கொடுத்த பிறகே சாயம் பூசுங்கள்.

கடைசியாக அளவு. 3 மீட்டர் அகலமும் 3.5 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள அறைக்கு நான்கு சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 34 சதுர மீட்டர். கதவும் சன்னலும் போக 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பூச்சுக்கு 60. ஒரு லிட்டர் சாயம் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும் என்றால் 6 லிட்டர் வேண்டும். 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் ஒன்றும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஒரே எண்ணாக இருந்தாலும் வேறு நாளில் கலந்த சாயம் நூலிழை அளவு மாறிவிடக்கூடும். இரண்டு டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கியபின் பூசத் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் தேர்ந்தெடுக்கப் பாடுபட்ட அந்த இரண்டு இளஞ்சிவப்பும் ஒரே சுவரில் வந்து நிற்கும்! மிச்சச் சாயத்தை இறுக மூடி, டின்னின் மேல் நிறத்தின் எண்ணையும் பூசிய நாளையும் எழுதி வையுங்கள்.

நான்கு நாள் சோதனை முடிந்ததும் வீட்டில் எல்லோரும் கூடி உட்காருங்கள். இரவு விளக்கில் ஒரு நிறம் ஊதாவாகவோ செம்மஞ்சளாகவோ மாறி உறுத்தினால் அதை விலக்கிவிடுங்கள். இரண்டும் எல்லா வேளையிலும் நன்றாகவே இருந்து, எது எது என்று பலகையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. அந்த வேற்றுமை சுவரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது அந்த அறையில் உறங்கி எழப்போகிறவளிடம் கேளுங்கள். அவள் ரோஜா என்றால் ரோஜா. அவளுடைய பாட்டிக்கும் பாட்டனுக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு அது. அவள் வாயால் சொல்லட்டும்.